மூணு மணிக்கு முழிப்பு வருகிறது. போனில் பேசினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கரூரில் இருக்கிறேன். ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கும் ஜிஎஸ்டி வேலையும் பார்க்கிறேன். ஏழு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது. "போன மாச ரிட்டர்ன்ல ஏதாவது தப்பு பண்ணிட்டேனோ" என்று எழுந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தால்தான் படுக்க முடிகிறது. புதிதாக வந்த மேலாளர் இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கிறார். ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். இணையத்தில் ஏழு கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பினேன், 13 வந்தது. அன்றிலிருந்து ஆன்லைன் கவுன்சலிங் விளம்பரமாகவே வருகிறது. பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். போனில் பேசி இதெல்லாம் சரியாகுமா? மாமனார், மாமியாரோடு இரண்டு படுக்கையறை வீடு. எங்கே உட்கார்ந்து பேசுவது? கணவர் "வேலையை விட்டுடு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். மாத்திரை போட வேண்டிவருமோ என்றும் பயமாக இருக்கிறது.
— கரூர் வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, அந்த 13-இல் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நிரப்பியது ஜிஏடி-7 என்ற படிவமாக இருக்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்து முதல் லேசான பதற்றம், பத்து முதல் நடுத்தரம், பதினைந்து முதல் கடுமை. பத்தை எட்டினால் ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் வைத்துக்கொள்ளாதீர்கள். அது சல்லடை, நோயின் பெயரை அது சொல்லாது, ஒரு கடிதத்தை வைத்து நானும் சொல்லக்கூடாது. தைராய்டு பார்த்தது சரி. ஹீமோகுளோபின் பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையிலும் நெஞ்சு இப்படிப் படபடக்கும். மாலை நாலு மணிக்கு மேல் காபி குடிக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. குடித்தால், அதில் பாதி இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும்.

போனில் பேசிச் சரியாகுமா? பதற்றத்துக்கும், லேசான அல்லது நடுத்தர மனச்சோர்வுக்கும் சிபிடி எனப்படும் அறிதல்–நடத்தை சிகிச்சையை (நினைப்பையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் முறை) வீடியோவில் கொடுத்தாலும் நேரில் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் அமர்வு ஒரு மணி நேரம்கூட இல்லை. மாற்றம் நடப்பது மீதி 167 மணி நேரத்தில், கொடுத்த வீட்டுப் பாடத்தைச் செய்யும்போது. உங்கள் விஷயத்தில் ஆன்லைனுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. தொந்தரவு நடக்கும் இடமே உங்கள் மேஜை, உங்கள் லேப்டாப். கிளினிக்கில் உட்கார்ந்து அதை வர்ணிப்பதைவிட, நடக்கும் இடத்திலேயே வைத்து வேலை செய்யலாம்.

உதாரணமாக அந்த மூணு மணிச் சரிபார்ப்பை எடுத்துக்கொள்வோம். முழிப்பு வருகிறது, "தப்பு பண்ணிட்டேனோ" என்ற நினைப்பு வருகிறது, திறந்து பார்க்கிறீர்கள், சரியாக இருக்கிறது, நிம்மதி. இங்கேதான் சிக்கல். "தப்பு இல்லை" என்பதை மனம் பதிவு செய்வதில்லை. "பார்த்ததால்தான் தப்பித்தோம்" என்றுதான் பதிவு செய்கிறது. மறுநாள் அதே நேரத்தில் எழுப்பிவிடுகிறது. பார்க்கப் பார்க்க, பார்க்காமல் இருக்க முடியாது என்ற நிலை இறுகும்.

விஷயம் தெரிந்த சிகிச்சையாளர் முதல் வாரம் உங்களை எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார், எண்ணச் சொல்வார். ஒரு ரிட்டர்னைப் போடுவதற்கு முன் எத்தனை தடவை பார்க்கிறீர்கள், போட்ட பிறகு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு. அந்தத் தாள் கைக்கு வந்ததும் இரண்டு எல்லைக் கோடு போடுவார். சமர்ப்பிப்பதற்கு முன் ஒரே ஒரு முறை, பட்டியல் வைத்து: விற்பனைப் பதிவேட்டின் மொத்தமும் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) மொத்தமும் ஒன்றா, 2பி (கொள்முதல் வரிப் பட்டியல்) காட்டும் உள்ளீட்டு வரியும் நீங்கள் எடுத்ததும் ஒன்றா, 3பி-யில் (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) கட்டிய தொகை எவ்வளவு. டிக் போட்டு, நேரம் எழுதி, மூடிவிட வேண்டும். அது முறையான வேலை. சமர்ப்பித்த பிறகு பார்ப்பதைத்தான் குறைக்க வேண்டும்: ஆறு தடவை என்றால் நாலு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, அதுவும் காலை ஒன்பது மணிக்கு மேல். லேப்டாப் இரவில் வேறு அறையில் இருக்கட்டும். பார்க்காமல் இருக்கும்போது பதற்றம் 80-க்கு ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதினால், அது தானாகவே இறங்குவதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள். ஒரே நாளில் இறங்காமலும் போகலாம். மூன்றாவது, நாலாவது இரவில் உச்சம் 80-இலிருந்து 60 ஆகலாம். சிகிச்சை என்பது பெரும்பாலும் இதுதான். பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும்.

கூடவே, "தப்பு நடந்தால் என்ன ஆகும்" என்பதையும் முழுதாக எழுதச் சொல்வார். உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. ஜிஎஸ்டிஆர்-1-இல் ஒரு பில் விட்டுப்போனால் அடுத்த மாத ரிட்டர்னில் சேர்க்கலாம், தப்பாகப் போனால் திருத்த வழி இருக்கிறது. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரி பாக்கிக்கு வட்டி. மூணு மணிக்கு "எல்லாம் போச்சு" என்று தோன்றுவதற்குப் பக்கத்தில் இந்தத் தொகைகளை வைத்துப் பார்க்கிறபோது அளவு புரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இதையே தினமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி ஆறுதல் தேடினால் அதுவும் ஒரு சரிபார்ப்பாகிவிடும். ஒருமுறை எழுதினால் போதும். மூச்சுப் பயிற்சிக்கும் இதே கதைதான். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செய்தால் நல்லது. படபடப்பு வந்தவுடன் அதை விரட்ட மட்டுமே செய்தால், "மூச்சுப் பயிற்சி பண்ணலைன்னா செத்துடுவேன்" என்று இன்னொரு பயம் முளைக்கும். ஆன்லைன் வீடியோக்களில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

சரி, இதைச் செய்ய யாரிடம் போவது? செயலியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆளைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டில் மூன்று விதமானவர்கள் ஒரே விளம்பரத்தில் "தெரபிஸ்ட்" என்ற பெயரில் நிற்கிறார்கள். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம், மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் எம்.பில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில் பதிவு செய்தவர். மருந்து எழுத மாட்டார், சிபிடி போன்ற சிகிச்சை தருவார். அவரது பதிவை ஆர்சிஐ இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். மூன்றாமவர் கவுன்சலர். எம்எஸ்சி உளவியலோ எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப் பணி மேற்படிப்போ படித்து, மூத்தவர் மேற்பார்வையில் பல வருடம் வேலை பார்த்த அருமையான கவுன்சலர்களும் உண்டு. மூன்று மாத ஆன்லைன் டிப்ளமோவோடு பலகை மாட்டியவர்களும் உண்டு. "லைஃப் கோச்" என்று இருந்தால் உங்கள் பிரச்சினைக்கு வேண்டாம். உங்களுக்கு என் பரிந்துரை, ஆர்சிஐ பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்.

பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் நாலு கேள்வி கேளுங்கள். என்ன படிப்பு, பதிவு எண் என்ன? பதற்றத்துக்கு என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள்? எத்தனை அமர்வுக்குப் பிறகு முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள்? நடுவில் மருந்து தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? நல்லவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். "முதல்ல ஸ்லாட் புக் பண்ணுங்க மேடம், எல்லாம் பேசிக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்தவரைத் தேடுங்கள்.

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலீஷ் உங்களுக்கு நன்றாக வரலாம். ஆனால் மூணு மணிக்கு வரும் நினைப்பு இங்கிலீஷில் வருவதில்லை. "மானம் போயிடும்" என்று வருவதை மொழிபெயர்த்துச் சொன்னால் அதன் காரம் போய்விடும். சிகிச்சையாளருக்கு வேண்டியது அந்தக் காரம்தான். தமிழில் வேலை செய்பவர் சென்னையிலோ மதுரையிலோ இருந்தாலும் கரூரிலிருந்து பேசலாம். ஆன்லைனின் உண்மையான லாபம் இது.

பத்து அமர்வு தள்ளுபடியை விட்டுவிடுங்கள். தனியாரில் ஓர் அமர்வுக்குப் பெரும்பாலும் 800-இலிருந்து 2,500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். 45 முதல் 50 நிமிடம். முதல் மூன்று அமர்வுக்கு ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். ஆள் ஒத்துவரவில்லை என்று தெரிய அந்த மூன்று போதும். மொத்தமாகக் கட்டிவிட்டால், "கட்டின காசு வீணாகுதே" என்று பொருந்தாதவரிடமே பத்து வாரம் உட்கார்ந்திருப்பீர்கள். பதற்றத்துக்கு மொத்தம் 8 முதல் 16 அமர்வு ஆகலாம். நாலாவது அமர்வில் அதே ஏழு கேள்விப் படிவத்தை மறுபடி நிரப்புங்கள். 13 என்பது நாலைந்து புள்ளி இறங்கியிருந்தால் வழி சரி. எட்டாவதிலும் அசையவில்லை என்றால் முறையை மாற்றுவது பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். "பேசினால் மனசு லேசாகிறது" என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. லேசாகிவிட்டு மூணு மணிக்கு மறுபடி எழுந்தால் பயன் இல்லை.

படிவம் நிரப்பியதிலிருந்து விளம்பரம் துரத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், பயனாளர்களின் மின்னஞ்சலையும் மனநலக் கேள்வித்தாள் விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. அதனால் முன்பின் தெரியாத தளங்களில் இனிப் படிவம் நிரப்ப வேண்டாம். சிகிச்சையாளர் அனுப்புவதை மட்டும் நிரப்புங்கள். அவர் உங்கள் விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தாலோ ரகசியத்துக்கு விலக்கு உண்டு. இதை முதல் அமர்விலேயே அவர் சொல்ல வேண்டும்.

ரகசியம் உடைவது பெரும்பாலும் நிறுவனத்தால் அல்ல, வீட்டுக்குள்தான். ஆபீஸ் லேப்டாப்பில் பேசாதீர்கள். அதில் என்ன கண்காணிப்பு மென்பொருள் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறந்து, வீட்டுக் கணினியிலோ ஆபீஸ் கணினியிலோ திறந்து கிடந்தால் வெளியேற்றுங்கள். கூட்டுக் கணக்கில் பணம் அனுப்பினால் ஸ்டேட்மென்டில் கிளினிக் பெயர் வரும். அது வேண்டாம் என்றால் உங்கள் தனிக் கணக்கு. பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அறிவிப்பை மறையுங்கள்.

எங்கே உட்கார்வது? மொட்டை மாடி எல்லோருக்கும் முதலில் தோன்றும். காற்று மைக்கில் அடிக்கும், பக்கத்து மாடிக்குக் கேட்கும், வெயிலில் போன் சூடாகி நின்றுவிடும். படுக்கையறையே மேல். கதவைச் சாத்தி, கதவுக்கு வெளியே ரேடியோவோ டிவியோ ஓடட்டும். உள்ளே ஃபேன் ஓடட்டும். கதவிலிருந்து தள்ளி, துணி அலமாரிப் பக்கம் திரும்பி உட்காருங்கள். துணி சத்தத்தை உறிஞ்சும். கம்பி உள்ள ஹெட்செட் போட்டால் சிகிச்சையாளர் பேசுவது யாருக்கும் கேட்காது. உங்கள் பாதி மட்டும்தான் பிரச்சினை. அதற்கும் வழி இருக்கிறது: மாமியாரைப் பற்றிய பேச்சு வரும் இடத்தில் சாட்டில் தட்டச்சு செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் சிகிச்சையாளர் ஒத்துழைப்பார். அத்தை டீ எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுவதற்கும் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். "இன்வாய்ஸ் பார்க்கிறேன்" என்றால் பேச்சை மாற்ற வேண்டும் என்று சிகிச்சையாளருக்குப் புரியும். வீட்டில் "மீட்டிங்" என்று சொல்லலாமா என்றால், ஆரம்பத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு ஒன்றுமில்லை.

வீடியோ அழைப்பு 50 நிமிடத்துக்கு அரை ஜிபி-யோ அதற்கு மேலோ தின்னும். தினசரி 1.5 ஜிபி பேக் என்றால் காலையிலேயே ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். அழுதுகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் மிகவும் சங்கடமாக இருக்கும். ஆகவே யார் திரும்பக் கூப்பிடுவது, இரண்டு நிமிடத்தில் வரவில்லை என்றால் சாதாரண போன் அழைப்புக்கு மாறுவதா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் "இப்போ எங்க இருக்கீங்க, பக்கத்துல யார் இருக்காங்க" என்று சிகிச்சையாளர் கேட்பார். அவசரத்துக்கு ஒருவர் எண்ணும் கேட்பார். வேவு பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும். அமர்வு முடிந்ததும் உடனே அடுப்படிக்குப் போகாதீர்கள். நேரில் போயிருந்தால் பஸ்ஸில் திரும்பும் நேரம் கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாகப் பத்து நிமிடம், வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதிவைக்க.

மாத்திரை பற்றிய பயத்துக்கு வருகிறேன். உங்கள் அளவில் பலருக்கு மாத்திரை இல்லாமலே சரியாகிறது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் பெரும்பாலும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளில் ஒன்றைத் தருவார். வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அவை பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: தெரிந்த மருந்துக் கடையில் "தூக்கத்துக்கு" என்று வாங்கும் அல்பிரசோலம் மாத்திரை. ஒருசில வாரத்தில் உடம்பு பழகிவிடும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி அந்த மருந்தை ஆன்லைனில் எழுதித் தருவதற்குத் தடை இருக்கிறது. யாராவது சுலபமாக எழுதித் தந்தால் அவரிடமிருந்து விலகுங்கள்.

சில நிலைமைகளுக்கு ஆன்லைன் போதாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம், காதில் குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் அளவு மீறிய உற்சாகம், வீட்டில் அடிப்பவர் பக்கத்து அறையில் இருப்பது, இதில் எது இருந்தாலும் நேரில் போக வேண்டும். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இரவு எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம்: இலவசம், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. தற்கொலை எண்ணம் என்றால் சென்னையின் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் எண்களைச் சேமித்துவையுங்கள். பணம் செலவழிக்கத் தயக்கமாக இருந்தால் 14416-இலேயே முதல் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் வாரா வாரம் ஒரே ஆளோடு செய்யும் சிபிடி-க்கு அது மாற்று ஆகாது.

கணவர் சொல்லும் "வேலையை விட்டுடு" பற்றி. அக்கறையில் சொல்கிறார். ஆனால் பதற்றம் 13-இல் இருக்கும்போது வேலையை விட்டால், ஓடித் தப்பித்தேன் என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்த வேலைக்கும் அந்தப் பயம் கூடவே வரும். எட்டு அமர்வு கழித்து முடிவெடுங்கள். அதே சமயம் இதெல்லாம் உங்கள் மனதின் கோளாறு மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு பத்து மணிக்குக் கேள்வி கேட்கும் மேலாளரை எந்த மூச்சுப் பயிற்சியும் சரி செய்யாது. "ஒன்பது மணிக்கு மேல் வரும் செய்திக்குக் காலை ஒன்பதரைக்குப் பதில் தருகிறேன் சார், ஃபைலிங் நாட்களில் மட்டும் இரவும் பார்க்கிறேன்" என்று எழுதி அனுப்புவது உங்கள் சிகிச்சையின் ஒரு பாடமாகவே வரலாம். அதை அனுப்புமுன் எத்தனை தடவை திருத்தி எழுதுகிறீர்கள் என்பதையும் எண்ணுங்கள்.

முதல் அமர்வுக்குத் தேதி குறிக்கும்போது 10, 11, 19, 20 வேண்டாம். ஜிஎஸ்டிஆர்-1-க்கும் 3பி-க்கும் கெடு வரும் நாட்கள். எப்படியும் ரத்து செய்துவிடுவீர்கள். 12-ஆம் தேதி பாருங்கள். ஒரு ரிட்டர்ன் அப்போதுதான் போயிருக்கும், நீங்கள் எத்தனை தடவை திறந்து பார்த்தீர்கள் என்ற கணக்கும் கையில் புதிதாக இருக்கும். காலை பதினொரு மணி, வீட்டில் சமையல் மும்முரமாக நடக்கும் நேரம். குக்கர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.